மேற்படி விரிசல்

நீதிமன்றத்தில் இருமலை நாங்கள் பதிவதில்லை.
பெருமூச்சை, நாற்காலியின் கிறீச்சை,
மண்ணெண்ணெய் அடுப்பு விக்கி அணைவதை,
எதையும் பதிவதில்லை.
சொல் மட்டும்தான் என் கணக்கு.
அப்படித்தான் லாமாரா கோபெஜிஷ்வீலியை
இருபத்திரண்டு வருடம் தட்டச்சு செய்தேன்.

மாங்கனீசுக் கம்பெனியின் வக்கீல்.
ஆறே கறுத்து ஓடும் எங்கள் ஊரில்
காலர் வெளுப்பு கெடாமல் வந்து சேர்பவள்.
மலைமேலிருந்து கம்பிவடப் பெட்டியில்
தொங்கித் தொங்கி இறங்குவாள்,
கோப்பை மார்போடு அணைத்தபடி.
"எனக் கூறப்படும்" என்பது அவள் செல்லச் சொல்.
சேதம் எனக் கூறப்படும் சேதம்.
விரிசல் எனக் கூறப்படும் விரிசல்.
ஒரே வழக்கில் நாற்பத்து மூன்று தடவை அடித்தேன்.
அந்த எழுத்துகள் மட்டும்
என் இயந்திரத்தில் தேய்ந்து போயின.

அது மக்வாலாவின் வழக்கு.
நிகோஸீரி மேட்டுத் தெரு, கடைசி வீடு.
சுவர் பிளந்ததைப் பற்றி அவள் அதிகம் பேசவில்லை.
கழுத்துவரை மண்ணில் புதைத்த மதுச்சாடி,
மாமனார் காலத்தது,
அடியில் வெடித்து
ஓர் இலையுதிர்காலத்துத் திராட்சை முழுதும்
ஒரே இரவில் சுரங்கத்துக்குள் இறங்கிப் போனதாம்.
"கீழே உங்கள் ஆட்கள் குடித்திருப்பார்கள்,
அவர்களையாவது கூப்பிட்டுக் கேளுங்கள்" என்றாள்.
கூடம் சிரித்தது.
சிரிப்பையும் நாங்கள் பதிவதில்லை.
லாமாரா எழுந்து, சாடி பழையது என்றாள்.
அது போதுமாயிருந்தது.
தள்ளுபடி. செலவுத் தொகை வாதியின் தலையில்.

பிறகு நடந்ததை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள்.
மகன் இறந்து மனம் மாறினாள் என்று ஒரு கதை;
அவளுக்கு மகனே இல்லை.
சம்பளத் தகராறு என்றது கம்பெனி.
நான் அறிந்தது இவ்வளவுதான்:
பனி சகதியாகிக் கிடந்த ஒரு மார்ச் செவ்வாய்,
செலவுத் தொகை நோட்டீசைத் தபாலில் போடாமல்
தானே எடுத்துப் போயிருக்கிறாள்.
மக்வாலா கதவைத் திறக்கவில்லை.
விரிசல் வழியே கை நீட்டி
வாங்கிக்கொண்டாள்.

எழுத முதலில் வரவில்லையாம் அவளுக்கு.
"மேற்படி வீட்டின் மேற்படி சமையலறையில்"
என்றே ஓடியதாம் பேனா.
அங்குலக் கோலும் பள்ளிக்கூட நோட்டுமாக
வீடு வீடாய் ஏறினாள்.
விரிசலின் குறுக்கே
கண்ணாடித் துண்டைச் சாந்து வைத்து ஒட்டி,
அது உடைந்த தேதியை எழுதினாள்.
எத்தனை மணிக்குக் கீழே வெடி வைத்தார்கள்,
எந்த வீட்டில் பிள்ளை
காலணியைக் கழற்றாமல் தூங்குகிறது,
ஓடுவதற்குத் தோதாக.
கம்பெனி வாசலில் பெண்களோடு
பதினேழு இரவு உட்கார்ந்தாள்.
காவலர்கள் தூக்கிப் போனபோது
ஒற்றைச் செருப்பு தெருவில் கிடந்தது.
அடுத்த நாள் மழையிலும் கிடந்தது.

புத்தகம் முந்நூறு பிரதி, மட்டமான தாள்.
அவதூறு வழக்கு வந்தது.
அதே கூடம், அதே அடுப்பு,
கூண்டில் அவள்.
புது வக்கீல் சின்னப் பையன். எடுத்த எடுப்பில்
"விரிசல் எனக் கூறப்படும்" என்றான்.
அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.
தொழில் என்ன என்றார் நீதிபதி.
நெடுநேரம் பதிலில்லை.
மௌனத்தையும் நாங்கள் பதிவதில்லை.
அன்று நான் மூன்று புள்ளி வைத்தேன்.

அபராதம் விதித்தார்கள்.
மேல்முறையீடு திபிலிசியில் இன்னும் உறங்குகிறது.

புத்தகத்தை நானும் வாங்கினேன், தாளில் சுற்றி.
முதல் அத்தியாயத்தில் அவள் சொல் ஒன்றுகூட இல்லை.
மக்வாலா தோற்ற தீர்ப்பு,
எழுத்து மாறாமல், முத்திரை எண்ணோடு.
கம்பெனிக்காக வாதிட்டவர்: லா. கோபெஜிஷ்வீலி.
அதற்கும் கீழே, பக்கத்தின் விளிம்பில், பொடி எழுத்தில்
தட்டச்சு: ந.

விளக்கை அணைத்துப் படுத்தேன்.
காலணியைக் கழற்றவில்லை.